கடலை அறிந்தவர் யார்? கரையோரப் பெண்களின் அறிவும் வளப் பராமரிப்பும்

வைத்தியசாலையில் சலத்தையோ சளியையோ பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் செல்லும் என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள் எம் வாசகரிடையே பலர் இருப்பீர்கள். அக்கிருமியை எதன்மேல் வளர்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வட்டமான சிறு தட்டொன்றில் கூழ்போல் உறைந்திருக்கும் அகர் என்ற பொருளின் மேல்தான். அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. விசேட நாட்களில் சைனா கிறாஸ் என்று கடையில் வாங்கி, சீனியும் பாலும் விட்டுக் காய்ச்சி, ஆறியபின் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே, அதே சரக்குத்தான்.

இந்தச் சமையலறைப் பொருள் ஆய்வுகூடத்துக்குப் போன வரலாறு அறியத்தக்கது. 1881ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் றொபேட் கொக் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்தோடு தொடர்புகொண்டு உழைத்தவர்களுள் வால்தர் ஹெசே என்ற மருத்துவரும் ஒருவர். அக்காலத்தில் கிருமிகளை ஜெலற்றின் என்ற பொருளின் மேல் வளர்த்தார்கள். அதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. கோடை வெப்பத்தில் அது உருகி ஓடிவிடும். சில கிருமிகளோ அதையே தின்று நீராக்கிவிடும். நாட்கணக்காகச் செய்த வேலை ஒரே நாளில் பாழாகும். வீட்டிலே தம் மனைவி பானி செய்யும் ஜெலி மட்டும் கோடையிலும் குலையாமல் நிற்பதைக் கண்ட ஹெசே அதன் இரகசியத்தை அவரிடம் வினவினார். நான் போடுவது ஜெலற்றின் அல்ல, அகர் என்றார் பானி. யாவாத் தீவில் வாழ்ந்து வந்த அயலவர்களிடமிருந்து அவர் அதை முன்னரே கற்றிருந்தார். அகர் உறைந்துவிட்டால் கொதிநிலையை நெருங்கும் சூட்டில்தான் மீண்டும் உருகும். கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றால் அதைத் தின்னவும் முடியாது.

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியைக் கொக் உலகுக்கு அறிவித்தபோது அகரையும் குறிப்பிட்டார். அதைத் தந்தவர் யார் என்று குறிப்பிடவில்லை. பானி ஹெசேயின் பெயர் வெகுகாலம் கழித்தே வெளியே வந்தது. அவருக்கும் முந்தி, யாவாவின் அடுப்பங்கரைகளில் எந்தப் பாசி உறையும், எது உறையாது, எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த பெண்களின் பெயர்கள் ஒருபோதும் வரப்போவதில்லை.

இவ்வாரப் பாடத்தின் பொருள் இதுதான். காடு, கடல், நீர், நிலம் ஆகியவற்றைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது? அவற்றைப் பராமரிக்கும் திட்டங்களை வகுக்கும்போது அந்த அறிவு கணக்கில் எடுக்கப்படுகிறதா?

தொழில் பிரிந்தால் அறிவும் பிரியும்

ஓர் ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்து, அவ்வூரின் மண்ணோடும் நீரோடும் புழங்கியதால் வந்த அறிவை உள்ளூர் அறிவு என்று ஆய்வாளர் அழைப்பர். ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே அறிவு என்று எண்ணிவிடக் கூடாது. யார் எந்த வேலையைச் செய்கிறாரோ அவருக்கு அந்த வேலை கற்றுக்கொடுத்த அறிவு இருக்கும். ஆணும் பெண்ணும் வெவ்வேறு வேலை செய்யும் சமுதாயத்தில் இருவரின் அறிவும் வெவ்வேறாக இருப்பது இயல்பே. 1970ஆம் ஆண்டில் எஸ்தர் பொசரப் என்ற டென்மார்க் நாட்டுப் பொருளியலாளர் வெளியிட்ட நூலொன்று, ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வேளாண்மையில் பெண்கள் ஆற்றும் பங்கினைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டியது. அபிவிருத்தித் திட்டங்களை வகுத்தோர் ஆண்களை மட்டுமே விவசாயிகளாகக் கண்டார்கள் என்பது அவர் சுட்டிய குறை.

எமது பனையையே எடுத்துக்கொள்வோம். எந்த மரத்தில் பாளை சீவலாம், எப்போது சீவ வேண்டும் என்பது மரமேறும் ஆணுக்குத் தெரியும். எந்த மரத்துப் பழம் பனாட்டுக்கு உகந்தது, எது கைக்கும், பாய்க்கும் பெட்டிக்கும் எந்த ஓலையை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், கிழங்கு எந்த மண்ணில் நன்கு இறங்கும் என்பவற்றைப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். ஆணிடம் மட்டும் விசாரித்துப் பனையைப் பற்றி எழுதுபவர் பாதி மரத்தைத்தான் எழுதுவார்.

பெண்ணுக்கு இயற்கையோடு பிறவியிலேயே ஏதோ உறவு உண்டு என்று சிலர் உருகி எழுதுவதுண்டு. அது நாம் சொல்லும் கருத்தன்று. கை எங்கே படுகிறதோ அங்கே அறிவு பிறக்கிறது. அவ்வளவே. நாளை ஓர் ஆண் பாசி எடுக்கப் போனால் அவனும் காலப்போக்கில் அதைக் கற்றுக்கொள்வான்.

எதிர்க்கரையின் பாசிப் பெண்கள்

மன்னாரின் தென்கடலுக்கு அப்பால், இந்தியக் கரையில், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். அப்பாறைகளின் மேலும் அவற்றிடையேயும் கடற்பாசி வளர்கிறது. அறுபதுகளிலிருந்து பாசிக்கு வியாபாரிகள் விலை கொடுக்கத் தொடங்கவே, கரையோரக் கிராமங்களின் பெண்கள் அதனை எடுக்கும் தொழிலில் இறங்கினார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் அவ்வூர்களில் ஒன்று.

அவர்கள் எடுக்கும் பாசிகளின் பெயர்களைக் கேட்டாலே அறிவின் ஆழம் புரியும். மரிக்கொழுந்து என்பது அகர் எடுக்க உதவும் சிறந்த இனம். மணக்கும் மரிக்கொழுந்துச் செடியின் தழையைப் போன்ற தோற்றமுடையது. கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் கிடைக்கும். கட்டக்கோரை, பக்கடாப்பாசி என்பன வேறு வகை. துணிக்குச் சாயம் அச்சிடுவதற்கும் ஐஸ்கிறீம் தடிப்பாவதற்கும் பயன்படும் அல்ஜினேற் இவற்றிலிருந்து வருகிறது. தாவரவியலார் இலத்தீன் மொழியில் பெயர் சூட்டி வேறுபடுத்தும் இனங்களை, நீருக்கடியில், மூச்சை அடக்கியபடி, சில நொடிகளில் இப்பெண்கள் பிரித்தறிகிறார்கள்.

கஞ்சிப்பாசி எமக்கும் புதிதல்ல. பழைய மருந்து நூல்களில் சிலோன் மொஸ் என்றும் யாழ்ப்பாண மொஸ் என்றும் பெயர் பெற்றுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் வடக்கு, வடமேற்குக் களப்புகளிலிருந்து வெளிநாடு சென்ற பாசி அதுவே. நோயாளிக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். இன்று எம் கரையோரப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

பாசிப் பெண்கள் புடைவையின்மேல் ஆண்களின் சேட்டை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை வெட்டாதிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சுக் குழாய், வாயுக் கலம் ஒன்றும் கிடையாது. மூழ்குவதும் எழுவதுமாக மணிக்கணக்கில் வேலை நடக்கும். அவர்களின் கணவன்மாரும் கடற்றொழிலாளரே. ஆனால் ஆணின் கடல் வேறு, பெண்ணின் கடல் வேறு. அவன் காற்றையும் நட்சத்திரத்தையும் ஆழத்தையும் பார்த்துத் தூரம் போகிறவன். வாடை எப்போது தணியும், சோழகம் எப்போது எழும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்பன அவனுடைய பாடம். அவள் முழங்காலளவிலிருந்து ஓரிரு ஆள் ஆழம் வரையுள்ள நீரில் பாறை பாறையாகத் தடவி அறிந்தவள். சென்ற வருடம் இங்கே அடர்த்தியாக இருந்த பாசி இவ்வருடம் ஏன் மெலிந்தது, எந்தப் பவளம் வெளுத்தது என்பதை அவன் படகிலிருந்து காண முடியாது.

1986இல் இத்தீவுகளும் சூழவுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அப்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. நோக்கம் நல்லது. பவளப் பாறையை வெட்டி அள்ளியும் வெடி போட்டும் அழிவு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் சட்டம் வந்ததும் பாசிப் பெண்கள் தம் தொழிலிடத்திலேயே அத்துமீறிகளாயினர். காவலர் தடுப்பதும் பெண்கள் கெஞ்சுவதும் வாதாடுவதும் வழக்கமாயின.

இந்த இக்கட்டின் நடுவே அப்பெண்கள் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாசி குறைந்து வருகிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. மரிக்கொழுந்து பாறையில் வேர்போன்ற பிடியால் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளர்வது. மேற்பகுதியை மட்டும் கையால் கிள்ளினால் அடி மீண்டும் துளிர்க்கும். இரும்புக் கருவியால் சுரண்டினால் பிடியும் போய்விடும், பாறையும் புண்படும். சுரண்டினால் ஒரு நாளில் கூடுதல் நிறை கிடைக்கும், ஆதலால் பலர் சுரண்டினார்கள். பின்னர் ஊர்ப் பெண்கள் தமக்குள் கூடிப் பேசி, இரும்புக் கருவியை விலக்கினார்கள். மாதம் முழுவதும் எடுக்காமல், அமாவாசையை ஒட்டி ஆறு நாளும் பறுவத்தை ஒட்டி ஆறு நாளுமாகப் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே எடுப்பதென்று விதித்துக்கொண்டார்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்பட்டிருந்த 45 நாட்களிலும் தாமும் பாசி எடுக்காமல் நிறுத்தினார்கள்.

இவ்விதியில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் நீர் மிகுதியாகப் பெருகும், மிகுதியாக வற்றும். வற்றும்போது பாறை நெருங்கி வரும், உழைப்புக் குறையும். இடைப்பட்ட நாட்களில் நீர் வற்றுவது குறைவு. அந்நாட்களில் உழைப்புக்கேற்ற பலன் கிடைப்பதும் குறைவு. அதையே பாசி வளர்வதற்கான ஓய்வாக விட்டுவிட்டார்கள். விதி மீறப்பட்டால் கண்டுபிடிப்பதும் எளிது. ஆகாயத்தில் உள்ள நாட்காட்டி எல்லாருக்கும் பொது. திணைக்களம் ஒன்று கிலோக் கணக்கில் வரம்பு விதித்திருந்தால் ஒவ்வொரு பையையும் நிறுக்க ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

சின்னப்பாலத்தின் இலட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு, இவ்வுரிமைக்காகவும் ஒழுங்குக்காகவும் உழைத்தமைக்காக, தீவுகளின் சூழலைப் பேணும் சீகொலஜி என்ற அமெரிக்க நிறுவனம் 2015இல் தன் பரிசை வழங்கியது.

இதே கரையில் இன்னொரு பாசிக் கதையும் உண்டு. கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியினத்தை விஞ்ஞானிகள் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மண்டபம் கரையில் சோதனையாக வளர்த்தார்கள். பின்னர் வியாபார நிறுவனங்கள் அதனை ஏற்று, மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தன. 45 நாட்களில் அறுவடை. தலைமூழ்கும் தொழிலைவிடக் கஷ்டம் குறைவு, வருமானமும் நிலையானது. ஆனால் குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் இப்பாசி தானாகப் படர்ந்து அவற்றை மூடத் தொடங்கியதை ஆய்வாளர் 2008இல் வெளியிட்டனர். எங்கள் பக்கத்தில் வலைப்பாடு முதலிய வடபகுதிக் கரைகளிலும் பிற்காலத்தில் இப்பாசி வளர்க்கப்பட்டது. இதில் பெண்களுக்குக் கிடைத்த வருமானத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவது சிறிய விடயமன்று. ஆயினும் படர்கிறதா, எங்கே படர்கிறது என்று முதலில் காணக்கூடியவர் வருடத்துக்கொருமுறை வந்துபோகும் பரிசோதகர் அல்லர். பாறையைத் தினமும் தொடுபவரே. அவர் கண்டதைப் பதிவுசெய்ய ஒரு கொப்பியாவது திட்டத்தில் இருக்க வேண்டும்.

நீர்கொழும்பின் சீட்டு

ஆண்களின் அறிவிலிருந்து பிறந்த ஒழுங்குக்கு நீர்கொழும்புக் களப்பு நல்ல எடுத்துக்காட்டு. களப்பில் வளர்ந்த இறால், முட்டையிடுவதற்காக இரவில் வற்றுநீரோடு கடலுக்குப் போகும். அதன் வழியில் கம்புகளை நாட்டி வலை கட்டிப் பிடிப்பதைச் சிங்களத்தில் கட்டுதெல் என்பர். எல்லா இடமும் ஒரே பலன் தராது. வாய்க்காலின் ஒரு முனையில் வலை நிறையும், இன்னொன்றில் வெறுமையாக வரும். ஆகவே நான்கு கிராமியக் கடற்றொழிற் சங்கங்கள் தமக்குள் முறை வகுத்து, உறுப்பினருக்குச் சீட்டுப் போட்டு இடங்களைப் பங்கிட்டு வந்தன. கத்தோலிக்கப் பங்குகளோடு இணைந்து வளர்ந்த சங்கங்கள் அவை. 1958இல் அரசாங்கமே இம்மரபை ஒழுங்குவிதியாக ஏற்றது.

பொதுச் சொத்தை யாவரும் போட்டியிட்டு அழித்தே தீருவர், ஆகவே அதை அரசு எடுக்க வேண்டும் அல்லது தனியாருக்கு விற்க வேண்டும் என்ற கொள்கை 1968க்குப் பின் உலகெங்கும் பேசப்பட்டது. அது எப்போதும் உண்மையன்று என்று காட்டியவர் எலினோர் ஒஸ்ரொம் என்ற அமெரிக்கப் பேராசிரியை. 1990இல் வெளிவந்த அவருடைய நூலில் வெற்றி கண்ட ஊர்களும் உண்டு, தோல்வி கண்டவையும் உண்டு. எமது தென்கரையின் மாவெல்லக் கரைவலைத் தொழில் தோல்விகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது. அங்கே முறைவைத்து வலை இழுக்கும் ஒழுங்கு இருந்தும், வலைகளின் தொகை பெருகுவதைத் தடுக்க முடியாமற் போயிற்று. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண் அவரே.

நீர்கொழும்பின் சீட்டு முறை போற்றத்தக்கது. ஆனால் அச்சங்கங்களில் உரிமை தந்தையிலிருந்து மகனுக்குச் செல்வது. பிடித்த இறாலைத் தரம் பிரிப்பதும் விற்பதும் மீனைக் கருவாடாக்குவதும் பெண்களின் கையில். எந்த மாதத்தில் இறால் சிறுத்து வருகிறது என்பதைச் சந்தையில் கூடையோடு இருப்பவள் வலைகாரனுக்கு முன்பே சொல்லக்கூடும், ஏனெனில் அவளிடம் ஒரு வலையின் இறால் மட்டுமல்ல, பல வலைகளின் இறாலும் வந்து சேர்கிறது. சீட்டுப் போடும் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை.

நட்டதும் பட்டதும்

2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலைக்குப் பின், கண்டற்காடுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்ற செய்தி பரவியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு கண்டல் நட்டன. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நின்று சேற்றில் கண்டற்காயைக் குத்திய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். என்ன பலன் கிடைத்தது? 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. நடுகை நடந்த பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டயர். நிலைத்தது 200 முதல் 220 ஹெக்டயர். 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் தப்பிய இடங்கள் மூன்றே மூன்று.

காரணம் பலவாயினும் முதன்மையானது, தவறான இடத்தில் தவறான இனத்தை நட்டதும் பின் கவனியாது விட்டதுமாகும். கண்டல் நீரில் நிற்கும் மரம் என்பதால் எவ்வளவு நீரிலும் நிற்கும் என்று பலர் நினைத்தார்கள். அப்படியன்று. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மட்டம் உண்டு. நீர் ஏறி இறங்கி, வேர் மூச்சு விட நேரம் கிடைக்கும் மட்டத்தில்தான் கன்று பிழைக்கும். கண்ணா நிற்கும் மேட்டில் கண்டலை வைத்தாலும் ஆகாது, நீர் வடியாத பள்ளத்தில் எதை வைத்தாலும் ஆகாது. சேற்றில் மட்டி பொறுக்கியும் நண்டு தேடியும் விறகு ஒடித்தும் அன்றாடம் நடப்பவர்கள், எங்கே நீர் தேங்கும், எங்கே மாடு இறங்கும், எங்கே இளங்கன்று தானாக முளைக்கிறது என்பதைச் சொல்லியிருப்பார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். நடுகைக்கு அவர்களை நாட்கூலிக்கு அழைத்த இடங்கள் உண்டு. இடம் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு அழைத்தவை எத்தனை?

2015 மே மாதத்தில் இலங்கை அரசும், சிலாபத்தில் இயங்கும் சுதீச என்ற சிறு கடற்றொழிலாளர் அமைப்பும், மேற்சொன்ன சீகொலஜி நிறுவனமும் சேர்ந்து நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டமொன்றை அறிவித்தன. 1,500 கரையோரச் சமூகங்களைச் சேர்ந்த 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் தருவது, அவர்கள் தம் ஊர்க் கண்டற்காட்டைக் காப்பது என்பது ஏற்பாடு. பெண்களைத் தேடி வந்த திட்டம் என்றவகையில் இது முன்னையவற்றிலும் மேல். ஆயினும் எமக்கு ஒரு தயக்கம் உண்டு. காவல் என்பது பெண்ணின் நாளில் இன்னொரு வேலையாகச் சேர்கிறது. காட்டில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் இடத்திலும் அவளுக்கு இருக்கை இல்லாவிட்டால், சம்பளமில்லாத காவற்காரியாகவே அவள் நிற்பாள்.

ஒரே ஊர், இரு விருப்பங்கள்

ஊர் மக்களைக் கேட்டுவிட்டோம் என்று உத்தியோகத்தர் சொல்லும்போது, ஊரில் யாரைக் கேட்டீர்கள் என்று மறுகேள்வி கேட்கப் பழக வேண்டும். இமயமலைச் சாரலில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதனை விளக்கும்.

1974ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, சமோலி மாவட்டத்து ரேணிக் கிராமத்தின் ஆண்கள் நட்டஈடு வாங்குவதற்காகத் தொலைவிலுள்ள நகரத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்பவர் தலைமையில் 27 பெண்கள் காட்டுக்குச் சென்று மரங்களை மறித்து நின்றார்கள். வெட்டவந்தோர் திரும்பினர். சிப்கோ இயக்கம் என உலகம் அறிந்த வரலாறு இது.

அதே மாவட்டத்தில் டுங்ரி பைந்தோலி என்ற ஊரில் 1980இல் நடந்தது அவ்வளவு பிரசித்தமல்ல, ஆனால் பாடம் அதில்தான் அதிகம். அங்கே ஓக் மரக் காட்டை உருளைக்கிழங்கு விதைப் பண்ணைக்காக வெட்டக் கொடுத்தால் வீதி, மின்சாரம், பாடசாலை, வைத்தியசாலை வரும் என்று சொல்லப்பட்டது. ஆண்களைக் கொண்ட ஊர்ச் சபை ஒப்புக்கொண்டது. பெண்கள் ஒப்பவில்லை. மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் அந்தக் காட்டிலிருந்துதான் வந்தன. காடு போனால் மலையில் இன்னும் எத்தனை மைல் ஏற வேண்டும் என்று கால்களால் கணக்கிடத் தெரிந்தவர்கள் அவர்கள். தம் வீட்டு ஆண்களுக்கே எதிராக நின்று காட்டைக் காத்தார்கள். ஆண்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். வீதியும் வைத்தியசாலையும் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஒரு வளத்தின் விலையை, அதை நாள்தோறும் சுமப்பவரைக் கேளாமல் நிர்ணயித்ததே அங்கு நேர்ந்த பிழை.

பெண்கள் சபையில் இருந்தால் வளம் உண்மையில் மேம்படுமா, அல்லது இது வெறும் நியாயப் பேச்சா என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. பொருளியலாளர் பினா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் ஊர்க்காட்டுக் குழுக்களை ஆராய்ந்து 2010இல் நூலாக வெளியிட்டார். நிர்வாகத்தில் பெண்கள் கூடுதலாக இருந்த குழுக்களின் காடுகள் நன்றாகத் தழைத்திருந்தன. நேபாளத்தில் பெண்கள் மட்டுமே நிர்வகித்த குழுக்களுக்குச் சிறிய, சிதைந்த காடுகளே கொடுக்கப்பட்டிருந்தும், அவை மற்றவற்றிலும் மேலாகத் தேறின. இன்னொன்றையும் அவர் கண்டார். குழுவில் ஒருவர் இருவராகப் பெண்களைப் போட்டால் அவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரை பெண்கள் சேர்ந்தபோதே வருகையும் பேச்சும் கூடின. எங்கள் ஊர்ச் சங்கங்களில் “ஒரு பெண் பிரதிநிதி” என்று யாப்பில் எழுதி வைத்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் இதனைக் கவனிக்கலாம்.

பழையதெல்லாம் பொன்னல்ல

உள்ளூர் அறிவைப் போற்றுவதென்பது பாட்டி சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்டுவதன்று. பாசியை இரும்பால் சுரண்டியவர்களும் உள்ளூரவரே. வெடி போட்டு மீன் பிடித்தவர்களும், சிறுகண் வலை கட்டிக் குஞ்சும் நண்டும் வாரியவர்களும் கடலைத் தெரியாதவர்கள் அல்லர். அறிவு இருந்தும் அவர்கள் அழித்ததேன்? இன்று நான் விட்டால் நாளை இன்னொருவன் எடுத்துவிடுவான் என்ற அச்சம் ஒரு காரணம். தரகரின் முற்பணம் இன்னொரு காரணம். கடன் கொடுத்தவன் நிறையைத்தான் கேட்பான், பிடியை விட்டுக் கிள்ளினாயா என்று கேட்கமாட்டான். ஆகவே நாளைக்கும் இது எனக்குரியது என்ற உறுதி உரிமையாகக் கையில் இருந்தால்தான் இன்று விட்டுவைக்க மனம் வரும். பாசிப் பெண்கள் தம் விதிகளோடு சேர்த்துத் தொழில் உரிமையையும் கேட்டுக்கொண்டே இருப்பது அதனாலேயே.

மேலும் கடல் தானே மாறி வருகிறது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010இலும் 2016இலும் வெப்பத்தால் பெருமளவில் வெளுத்தன. இன்ன மாதத்தில் இன்ன பாசி என்ற பழைய கணக்கு பிசகும்போது வெப்பமானியும் வேண்டும், செய்மதிப் படமும் வேண்டும். பானி ஹெசேயின் அகர் கொக்கின் நுண்ணோக்கியோடு சேர்ந்தபோதுதான் மருத்துவ உலகுக்குப் பெரும் பயன் தந்தது. இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒன்றுக்குப் பட்டமும் சம்பளமும், மற்றதற்குப் பெயரும் இல்லை என்பதே எமது முறைப்பாடு.

வீட்டிலும் மன்றத்திலும் பேசுவதற்கு

கரையோரத்தில் வாழும் குடும்பங்கள் இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம், அவர்கள் இளமையில் களப்பிலும் கரையிலும் எடுத்துவந்த பாசி, மட்டி, நண்டு, கீரை வகைகளின் பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எந்த மாதம், எந்த இடம், இப்போதும் கிடைக்கிறதா என்ற மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐயாமாரிடம் காற்றின் பெயர்களையும் அவை மாறும் காலத்தையும் கேளுங்கள். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கே ஒன்றுகின்றன, எங்கே ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை?

தோட்டக்காரக் குடும்பங்கள் பாசியின் இடத்தில் கிணற்றையும் விதையையும் வைத்துக்கொள்ளலாம். இறைப்பு எத்தனை மணி நேரத்தில் கிணறு வற்றுகிறது என்பது ஒருவருக்குத் தெரியும். எந்த மாதத்தில் தேநீரில் உவர் தெரியத் தொடங்குகிறது, பருப்பு அவிய எவ்வளவு நேரம் செல்கிறது என்பது இன்னொருவருக்குத் தெரியும்.

மாதர் சங்கத்தினரும் கடற்றொழிலாளர் சங்கத்தினரும் சேர்ந்து பேச ஒரு வினா. உங்கள் ஊரில் கடந்த ஐந்து வருடங்களில் கண்டல் நடுகை, அட்டைப் பண்ணை, பாசி வளர்ப்பு, இறங்குதுறை ஆகியவற்றுள் ஏதாவது வந்ததா? அதற்கு இடம் பார்க்க வந்தவர்கள் யார் யாரோடு பேசினார்கள், அவ்வேளையில் அந்த இடத்தில் மட்டி பொறுக்குபவர்கள் எங்கே இருந்தார்கள்?